பயணப் பொதியில் போவது ஏற்றுமதியல்ல

என்னிடம் படித்த மாணவி ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். தேங்காய் எண்ணெயும் கறுவா எண்ணெயும் சேர்த்துச் சவர்க்காரம் செய்து பேஸ்புக்கில் விற்கிறார். கட்டாருக்கும் சவூதிக்கும் போகிறவர்களின் பயணப் பொதிகளில் அது ஏற்கெனவே கடல் கடந்துவிட்டது. இப்போது லண்டனில் ஒரு கடைக்காரர் 300 கட்டிகள் கேட்டிருக்கிறார். கூடவே சில ஆவணங்களும் கேட்டிருக்கிறார். "சாமான் நல்லம் என்று அவருக்கே தெரியும் டீச்சர். பிறகு ஏன் இவ்வளவு பேப்பர்?" என்று கேட்டார்.

இது அவருடைய கேள்வி மட்டுமல்ல. கொரோனா முடக்கத்திலும் 2022 பொருளாதார நெருக்கடியிலும் வீட்டிலிருந்து உழைக்கத் தொடங்கிய பெண்கள் நம் ஊர்களில் பலர். ரூபாய் சரிந்தபோது வெளிநாட்டிலிருந்து வரும் சிறு தொகையும் ஒரு குடும்பத்தைத் தாங்கியதைக் கண்டோம். ஆனால் இவர்களில் பலர் விளம்பரத்துக்குச் செலவிடும் கவனத்தை ஆவணங்களுக்குக் கொடுப்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009ஆம் ஆண்டின் 1223ஆம் இலக்க ஒழுங்குவிதி இருக்கிறது. பிரித்தானியாவின் விதிகளும் பெரும்பாலும் அதை ஒத்தவையே. அந்தச் சந்தையிலேயே சட்டப்படி பொறுப்பேற்கும் ஒருவர் வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் தகுதி பெற்ற நிபுணரின் பாதுகாப்பு அறிக்கை வேண்டும். விற்பனைக்கு முன்னரே அரச தரவுத்தளத்தில் அறிவிக்கவும் வேண்டும்.

"இயற்கையானது" என்ற சொல் இதிலிருந்து விலக்குத் தராது. 'சிலோன் கறுவா' 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. அது நமக்குப் பெருமை. ஆனால் கறுவாவுக்கு மணம் தரும் சின்னமால் சிலருக்கு ஒவ்வாமை தரும். கழுவிவிடும் பொருளில் அது 0.01 வீதத்தையும், தோலில் தங்கும் கிறீமில் 0.001 வீதத்தையும் தாண்டினால் லேபலில் குறிப்பிட வேண்டும். "சொறி, சிரங்கு குணமாகும்" என்று எழுதினாலோ, அது அழகுசாதனம் என்ற நிலை மாறி மருந்துச் சட்டத்துக்குள் போய்விடும்.

கசப்பான விடயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உள்ளடக்கம் எழுதப்படாத டப்பாக்களில் "வெள்ளையாக்கும் கிறீம்" நம்மிடையேயும் விற்கப்படுகிறது. இத்தகைய கிறீம்கள் சிலவற்றில் கலக்கப்படும் பாதரசம் சிறுநீரகத்தையும் கருவிலுள்ள சிசுவையும் பாதிக்கும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025க்குள் முற்றாக நிறுத்துவதென மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவு செய்தன. அப்படியொரு டப்பா வெளிநாட்டில் பிடிபட்டால், நேர்மையாகச் சவர்க்காரம் செய்யும் பெண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

நமக்குச் சாதகமான ஒரு வாசலும் உண்டு. 27 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் இந்தோனேசியாவில், அழகுசாதனங்களுக்கான ஹலால் சான்றிதழ் விதி 2026 ஒக்டோபரில் கட்டாயமாகிறது. ஹலால் அல்லாதவை அப்படியென்று குறிப்பிடப்பட வேண்டும். அந்நாட்டின் நூர்ஹயாத்தி சுபகாத் ஒரு மருந்தாளர். 1985இல் வீட்டுத் தொழிலாக ஷாம்பு செய்து சலூன்களுக்கு விற்கத் தொடங்கினார். அவரது நிறுவனம் 1995இல் அறிமுகப்படுத்திய 'வர்தா' பின்னர் மலேசியாவுக்கும் சென்றது. இங்கோ 2013இல் ஹலால் இலச்சினையே சர்ச்சையானது. சான்றிதழ் வழங்கும் பணியிலிருந்து ஜம்இய்யத்துல் உலமா விலகியது. நாம் தயக்கத்தோடு பேசப் பழகிய அந்த இலச்சினை, ஏற்றுமதியாளருக்கு ஒரு சந்தையின் திறப்பு.

தனியொரு பெண்ணால் இத்தனை செலவையும் தாங்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்து ஒரே செய்முறையில் ஒரு பொருளைத் தயாரித்தால், ஓர் ஆய்வுகூடப் பரிசோதனையும் ஒரு பாதுகாப்பு அறிக்கையும் போதும். பரிசோதனைக்குக் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமும் வழிகாட்டலுக்கு ஏற்றுமதி அபிவிருத்திச் சபையும் இருக்கின்றன. தையல் இயந்திரம் வழங்கிப் படம் பிடிக்கும் நம் அமைப்புகள், அடுத்த முறை இந்தச் செலவைப் பொறுப்பேற்றால் என்ன?

மாணவியிடம் ஒரு கொப்பி வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் திகதி, எண்ணெயின் நிறை, காரத்தின் நிறை, தொகுதி இலக்கம் ஆகியவற்றை எழுதச் சொன்னேன். லண்டன் கடைக்காரரிடம் ஆறு மாத அவகாசமும் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். அவர் சம்மதித்துவிட்டார்.