சேப்பாக்கம் அரண்மனை: கடல் தெரியாத கடற்கரை மாளிகை

கத்திவாக்கத்தில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்கு மாறி சேப்பாக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் மேட்ச் பார்க்கப் போவார்கள். இல்லையென்றால் எழிலகத்தில் மனு கொடுக்கப் போவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் அரண்மனை நிற்பது எத்தனை பேர் கண்ணில் படுகிறது?

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் கட்டிய அரண்மனை அது. ஹுமாயூன் மஹால், கலச மஹால் என்று இரண்டு பகுதிகள், சுற்றி 117 ஏக்கர் நிலம். அப்போது மெரினா சாலை கிடையாது. தோட்டத்தைத் தாண்டினால் கடற்கரை மணல்தான்.

கட்டியவர் கம்பெனி இன்ஜினியர் பால் பென்ஃபீல்ட் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்! கடனுக்கு ஈடாக நவாப் எழுதிக் கொடுத்தது தன் சீமையின் நிலவரி வசூலை. அதாவது வட்டி கட்டியது விவசாயி. இந்தக் கடன் விவகாரம் 1785-இல் லண்டன் பாராளுமன்றம் வரை போய், எட்மண்ட் பர்க் அங்கே பொரிந்து தள்ளினார்.

1801-இல் ஆட்சி கம்பெனியிடம் போனது. 1855-இல் கடைசி நவாப் வாரிசு இல்லாமல் இறந்தார். 1859-இல் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. எடுத்தது அரசாங்கமே. பிறகு தோட்டம் துண்டு துண்டானது: கிரிக்கெட் மைதானம், பல்கலைக்கழக செனட் ஹவுஸ், அரசு அலுவலகங்கள். கடைசியில் கடல் பக்கம் எழிலகம் எழும்பி அரண்மனையின் முகத்தையே மறைத்துவிட்டது.

2012-இல் கலச மஹால் தீப்பிடித்து எரிந்தது. சீரமைத்த பின் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே வந்தது. 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது அந்த வழக்கை விசாரித்ததும் இந்த அமர்வுதான். ஆக, எண்ணூர் மீனவர்களின் வலைக்கும் படகுக்கும் வந்த கேடு பேசப்பட்டது ஒரு நவாபின் மாளிகையில்!

வழக்கு இருந்தால்தான் உள்ளே போகலாம் என்பது என்ன நியாயம்? மைசூர் அரண்மனைக்கு டூர் போகிறோம், வரிசையில் நின்று டிக்கெட் எடுக்கிறோம். இங்கே நம் பாட்டன், பூட்டன் கட்டிய வரியில் எழும்பிய கட்டடத்தை மதில் மேல் எட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபைல்கள், பாதுகாப்பு என்று காரணம் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவுதானே? வாரத்தில் அந்த ஒரு நாள் வளாகத்தைத் திறந்துவிட்டு, எழிலகம் ஓரமாக மெரினாவிலிருந்து ஒரு நடைபாதை விட்டால் போதும்.