டெசிபெல்லைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள்

ஈஜோக், புக்கிட் பாடோங் பக்கம் போகும்போது சில கூரைகளின் மேல் மெல்லிய வெள்ளைக் குழாய் ஒன்று செங்குத்தாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் மூன்று நான்கு கம்பிகள் குடைக்கம்பிபோல் விரிந்திருக்கும். அதுதான் வானொலி நிலையத்தின் செங்குத்து ஆண்டெனா. பெரியவர்கள் ஏரியல் என்பார்கள். நம் இடைநிலைப்பள்ளிகளின் அறிவியல் கழகங்கள் ஒவ்வொன்றும் இப்படி ஒன்றைச் சொந்தக் கையால் செய்ய வேண்டும், கடையில் வாங்கக்கூடாது என்பது என் கருத்து.

இதற்குப் பெரிய கணக்கு வேண்டியதில்லை. படிவம் நான்கு இயற்பியலில் வரும் அலைச் சூத்திரம் போதும். ஒளியின் வேகத்தை அலைவெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். அமெச்சூர் வானொலியினர் பயன்படுத்தும் 146 மெகாஹெர்ட்ஸுக்கு அது 2.05 மீட்டர். அதில் கால் பங்கு 51 சென்டிமீட்டர். கம்பியின் முனை விளைவால் நடைமுறையில் 49 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். மின்னல் எஃப்எம்மின் 96.3-க்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 78 சென்டிமீட்டர் வரும். பழைய கார்களின் ஏரியல் ஏன் அந்த நீளத்தில் இருந்தது என்பது புரிந்துவிடும்.

அடியிலுள்ள கம்பிகள் தரைக்குப் பதிலாக நிற்பவை. அவற்றைக் கிடையாக வைத்தால் ஆண்டெனாவின் மின்மறுப்பு 36 ஓம் அளவில் இருக்கும். 45 பாகை கீழே சாய்த்தால் 50 ஓமை நெருங்கி, கேபிளுடன் பொருந்திப் போகும். இந்த வடிவம் 1930களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனப் பொறியாளர் ஜார்ஜ் பிரவுன் தந்தது. இரண்டு கம்பிகளே போதும் என்று அவர் கண்டிருந்தாராம். இரண்டு கம்பி வைத்த ஆண்டெனா எல்லாத் திசைக்கும் சமமாக அனுப்பும் என்பதை வாங்குபவர்கள் நம்பமாட்டார்கள் என்பதால் நான்காக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆண்டெனா வியாபாரத்தில் தோற்றத்துக்கு விலை உண்டு என்பது அன்றே தொடங்கியிருக்கிறது.

இன்று அந்தத் தோற்றம் டெசிபெல் என்ற எண்ணாக வருகிறது. இணையக் கடைகளில் '6 டெசிபெல்', '9 டெசிபெல்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எதோடு ஒப்பிட்டு 9 என்பதைச் சொல்லமாட்டார்கள். எல்லாத் திசைக்கும் சமமாகப் பரப்பும் கற்பனை ஆண்டெனாவோடு ஒப்பிட்டாலும், சாதாரண அரை அலை இருமுனையோடு ஒப்பிட்டாலும் விடை ஒன்றல்ல, 2.15 டெசிபெல் வேறுபடும். அதோடு, ஆண்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. ரொட்டி சானாய் போடுபவர் மாவு உருண்டையை அழுத்திப் பரப்புகிறார் அல்லவா? மாவு கூடுவதில்லை, அகலம்தான் கூடுகிறது. மேலேயும் கீழேயும் போகவேண்டிய சக்தியைத் தட்டையாக்கித் தொடுவானம் நோக்கித் திருப்புவதுதான் ஆதாயம். ஈஜோக் போன்ற சமதரையில் அது பயன்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு வேறு இரண்டு இடங்களில் அதிகம் கிடைக்கும்.

ஒன்று உயரம். ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். 4 மீட்டர் கம்பத்துக்கு 8 கிலோமீட்டர், 9 மீட்டருக்கு 12. கையில் வாக்கிடாக்கி வைத்திருப்பவருக்கு 5 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். இது வெட்டவெளிக் கணக்கு. ஈரமான செம்பனை ஓலைகள் அலையை விழுங்கும் என்பதால், மரத்தலைகளுக்கு மேலே ஏறும் ஒவ்வொரு மீட்டரும் நம் வட்டாரத்தில் பெரிய லாபம்.

இன்னொன்று கேபிள். மெல்லிய ஆர்ஜி-58 வகையில் 20 மீட்டர் இழுத்தால், 146 மெகாஹெர்ட்ஸில் பாதிக்கும் மேற்பட்ட சக்தி வெப்பமாகிப் போகும். தடித்த ஆர்ஜி-213 என்றால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மேலே போய்ச் சேரும். விலை உயர்ந்த ஆண்டெனாவை மெல்லிய கேபிளில் கட்டுவது, ஓட்டை வாளியோடு கிணற்றுக்குப் போவதுதான்.

கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் சிக்கிக் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். கைப்பேசிக் கோபுரம் மின்சாரம் நின்றபின் தன் மின்கலம் தீரும்வரைதான் பேசும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் வானொலி ஒலிபரப்புக்காக பாரதி பிரசாத் என்ற பெண்மணி தம் குழுவினருடன் போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசிகள் ஓய்ந்த வேளையில் அவர்களுடைய வானொலி வழியாகத்தான் பலருடைய செய்திகள் இந்தியப் பெருநிலத்துக்குப் போயின. கருவியும் ஆண்டெனாவும் முன்பே பொருத்தப்பட்டிருந்ததுதான் அங்கே முக்கியம். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபின் யாரும் கம்பம் நடமுடியாது.

கேட்பதற்கு மட்டும் என்றால் இன்றே செய்யலாம். அனுப்புவதற்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறி உரிமம் பெறவேண்டும். ஆசிரியர் ஒருவர் முதலில் எழுதினால் மாணவர்கள் தாமாகப் பின்னால் வருவார்கள். தேவையான பொருள்கள்: ஐந்து பித்தளைக் கம்பிகள், நான்கு மூலையிலும் துளையுள்ள ஓர் எஸ்ஓ-239 சாக்கெட், பற்றவைப்புக் கோல். கம்பிகளை 51 சென்டிமீட்டராகவே வெட்டி, அளவுமானியைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கம்பத்தை மின்கம்பிகளிலிருந்து, சாய்ந்து விழுந்தாலும் தொடாத தூரத்தில் நடுங்கள், தரையிணைப்பு கொடுங்கள். மாலையில் இடி இறங்கும் ஊர் இது. வானம் கறுத்ததும் கேபிளைக் கழற்றி அறைக்கு வெளியே போடும் பொறுப்பு யாருடையது என்பதைக் கம்பம் நடும் அன்றே பேசி வைத்துவிடுங்கள்.