66, 64, நடுவில் 65: காட்டுக்குதிரைக்கு வீட்டுக்குதிரையே ஆபத்தாவது ஏன்?

2024 ஜூனில் ப்ராக், பெர்லின் விலங்குக் காட்சியகங்களிலிருந்து 7 ப்ரெவால்ஸ்கி குதிரைகள் விமானத்தில் கஜகஸ்தான் புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மண்ணில் இந்தக் காட்டுக்குதிரை இனம் கால் பதித்து சுமார் 200 ஆண்டுகள் ஆகின்றன. பனி, ஓநாய் என எல்லாவற்றையும் அவை சமாளித்துவிடலாம். ஆனால், இந்த இனத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அது சாதாரண வீட்டுக்குதிரை. ஏன் என்று புரிய, குரோமோசோம் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும்.

யாருக்கு எத்தனை?

மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்தான் குரோமோசோம்கள். வீட்டுக்குதிரைக்கு 64, கழுதைக்கு 62, ப்ரெவால்ஸ்கி குதிரைக்கு 66. வரிக்குதிரைகளில் கிரேவி இனத்துக்கு 46, சமவெளி இனத்துக்கு 44, மலை இனத்துக்கு வெறும் 32. ஒரே குடும்பத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? பரிணாமப் பாதையில் சில குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, சில உடைந்தன. எண்ணிக்கை குறைந்தால் மரபணு குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிரேவி வரிக்குதிரைக்கு உள்ள அதே 46தான் மனிதர்களுக்கும். அதற்காக இரண்டும் நெருங்கிய சொந்தமா என்ன?

கோவேறு கழுதைக்கு ஏன் வாரிசு இல்லை?

பெண் குதிரையிடமிருந்து 32, ஆண் கழுதையிடமிருந்து 31. ஆக, கோவேறு கழுதைக்கு 63. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். இங்கே ஒன்று உதிரியாக நிற்கிறது என்பது மட்டும் பிரச்சினை இல்லை. குதிரை, கழுதை இழைகளின் அமைப்பே பல இடங்களில் மாறிக் கிடக்கிறது. அதனால் ஜோடி சேர்வதே குழம்பிவிடுகிறது. பெண் கோவேறு கழுதை குட்டி போடுவது மிக மிக அரிது.

அப்போ 65 மட்டும் எப்படி?

வீட்டுக்குதிரையும் ப்ரெவால்ஸ்கியும் சேர்ந்தால் பிறக்கும் குட்டிக்கு 65. இதுவும் ஒற்றைப்படைதான். ஆனாலும் அது வளர்ந்து தாராளமாகக் குட்டி போடும். காரணம், ப்ரெவால்ஸ்கியில் தனித்தனியாக இருக்கும் இரண்டு குரோமோசோம்கள், வீட்டுக்குதிரையில் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. மற்றபடி இழைகளின் அடுக்கு ஏறக்குறைய ஒன்றேதான். ஒட்டிய ஒன்றோடு பிரிந்த இரண்டும் அருகருகே பொருந்தி நின்றுவிடுகின்றன. இயற்கை கோவேறு கழுதைக்குப் போட்ட பூட்டு இங்கே இல்லை.

எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா?

முதல் தலைமுறையில் முடியும். அதன் பிறகு சிக்கல். 65 உள்ள கலப்புக் குதிரை மறுபடி ப்ரெவால்ஸ்கியோடு சேர்ந்தால், குட்டிக்கு 65 வரலாம், 66-ம் வரலாம். 66 வந்த குட்டி, எண்ணிக்கையில் அசல் காட்டுக்குதிரை மாதிரியே இருக்கும். உள்ளே வீட்டுக்குதிரை மரபணுவும் இருக்கும். அதைக் கண்டறிய விரிவான டிஎன்ஏ சோதனைதான் வழி.

இழக்க என்ன இருக்கிறது?

1969-க்குப் பிறகு காட்டில் இந்த இனம் தென்படவில்லை. இன்றுள்ளவை எல்லாம், பிடிபட்டு வளர்க்கப்பட்ட சுமார் 12 காட்டுக்குதிரைகளின் வழிவந்தவை. நடுவில் கொஞ்சம் வீட்டுக்குதிரை ரத்தமும் ஏற்கெனவே கலந்துவிட்டது. அதனால்தான் 1980-ல் உறையவைத்த செல்களிலிருந்து 2020-ல் அமெரிக்காவில் ஒரு குட்டியை குளோனிங் செய்தார்கள். அதற்கு வைத்த பெயர் கர்ட். இந்த இனத்தின் குரோமோசோம் வேறுபாட்டை 1965-ல் வெளியிட்ட குழுவை வழிநடத்திய கர்ட் பெனிர்ஷ்கேயின் நினைவாக வைத்த பெயர் அது.

1992-ல் இவை திரும்பிவந்த மங்கோலியாவில், மனிதர்களைவிட வீட்டுக்குதிரைகள் அதிகம். இரண்டும் சேராமல் இருக்க, மேய்ப்பர்கள் தங்கள் மந்தையை ஒதுக்கி ஓட்ட வேண்டும். ஆய்வகம் கலப்பைக் கண்டுபிடித்துச் சொல்லும். அதைத் தடுப்பது மேய்ச்சல் நிலத்தில்தான் நடக்க வேண்டும்.