கிரிவலப் பாதையில் பேரம் வேண்டாம்

அண்ணாமலையை வலம் வருவோர் பாதையின் இடப்புறமாகவே நடக்க வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் மரபு. மலையை ஒட்டிய வலப்புறம் சித்தர்களும் தேவர்களும் வலம் வரும் வழி என்பது நம்பிக்கை. நம் நாட்டில் வண்டிகளும் இடப்புறமாகத்தான் ஓடுகின்றன. ஆகவே 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஓரமாக நடக்கும் பக்தருக்குக் கார் எப்போதும் முதுகுக்குப் பின்னாலிருந்தே வருகிறது. நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்புறம் நடக்கச் சொல்வது சாலைப் பாதுகாப்பின் பாலபாடம். அதை இங்கே சொல்லிப் பயனில்லை, சொல்லவும் கூடாது. செருப்பில்லாத காலும் ஈசன் நாமமுமாக நடப்பவர் மாற வேண்டியதில்லை. பின்னால் வருகிற வண்டிதான் மாற வேண்டும்.

பௌர்ணமி இரவுகளிலும் கார்த்திகை தீபத்தன்றும் வண்டிகளைத் தடுத்து நிறுத்தக் காவல் துறை நிற்கிறது. மற்ற நாள்களில்தான் ஆபத்து. செங்கம் சாலையிலிருந்து பிரிந்து மலையின் மேற்குப் பக்கம் அடி அண்ணாமலைக்கு வந்தால், பாதை ஓர் ஊரின் நடுவே போகிறது. ஆதி அருணாசலேசுவரர் கோயில், திருவெம்பாவை பிறந்த இடம் என்று போற்றப்படும் மாணிக்கவாசகர் கோயில், வீடுகள், கடைகள் எல்லாம் அந்த வழியில்தான். பக்தர் வந்து போய்விடுவார். பள்ளிக்குப் போகும் பிள்ளையும், மாடு ஓட்டிப் போகும் பாட்டியும் தினமும் அதே சாலையைக் கடந்தாக வேண்டும்.

2023-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,72,890 பேரில் 35,221 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது: 67,213. விபத்தைத் தடுப்பது பற்றி நிறைய எழுதப்படுகிறது. அடிபட்ட பிறகு அந்த மனிதருக்கு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எழுதுவோர் குறைவு.

நடப்பது இதுதான். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்ததுமே பேச்சு தொடங்கிவிடும். "ஒண்ணும் ஆகலைங்க, சாமி காப்பாத்திட்டாரு." "கேஸு கீஸுன்னு போனா நீங்கதான் அலையணும்." "ஊசி போட்டுக்க இதை வச்சுக்கோங்க." சுற்றி நிற்பவர்களில் இரண்டு பேர் நடுவர் ஆகிவிடுவார்கள். சில ஆயிரம் ரூபாய் கை மாறும். கார் போய்விடும். வெளியூர்க்காரர் பஸ் ஏறிவிடுவார். இந்தச் சாலையோரப் பஞ்சாயத்தை நாம் முற்றாக எதிர்க்கிறோம். உடம்புக்குள் என்ன ஆயிற்று என்று யாருக்குமே தெரியாத நேரத்தில் அதற்கு விலை பேசுவது அநியாயம்.

தலையில் அடிபட்டவர்களில் சிலர் முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவார்கள், நடப்பார்கள். மண்டை ஓட்டுக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து மூளையை அழுத்தத் தொடங்கிய பிறகுதான் வாந்தியும் மயக்கமும் வரும். வயிற்றில் பம்பர் இடித்தால் மேலே ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கும். இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. கிரிவலம் வருபவர்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்! சர்க்கரை நோயாளியின் வெறுங்காலில் டயர் ஏறினால் அவருக்கு வலி தெரியாமலே போகலாம். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அடிபட்டவர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா குடிக்கக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அன்போடு செய்வதுதான், ஆனால் செய்யக் கூடாதது. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தூக்கும் அந்த ஒரு கணத்தில் கை கால் விழுந்துவிடலாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிற்றில் இருக்கும் சோடாவே இடைஞ்சல். இரத்தம் வரும் இடத்தில் துண்டை மடித்து அழுத்திப் பிடியுங்கள், பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள், 108-ஐ அழையுங்கள். ஆட்டோவில் மடக்கிப் போட்டு எடுத்துப் போவது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு, வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று இருந்த பயத்துக்கு இன்று இடமில்லை. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்து, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்ட பாதுகாப்பு அவருக்கு உண்டு. உதவியவரைச் சாட்சியாக வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. பெயரைச் சொல்லாமலே அவர் கிளம்பலாம். மருத்துவமனையும் "போலீஸ் வரட்டும்" என்று காத்திருக்க முடியாது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே இப்படி ஒரு சம்பவத்தின் மேல்தான். கார் மோதிய ஸ்கூட்டர்க்காரரை ஒருவர் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார். சட்டச் சிக்கல் உள்ள நோயாளிகளை ஏற்க அனுமதி பெற்ற இடம் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். வழியிலேயே அவர் இறந்தார். உயிரைக் காப்பது முதலில், காகிதங்கள் பிறகு என்று அன்றிலிருந்து நாட்டின் சட்டம் சொல்கிறது.

செலவுக்கும் வழி இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தமிழ்நாட்டின் எல்லைக்குள் அடிபட்டால் போதும். காப்பீட்டு அட்டை வேண்டாம், அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்ற கேள்வியும் இல்லை. ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருவோரும், ஆசிரமங்களை நாடி வரும் வெளிநாட்டவரும் நிறைந்த திருவண்ணாமலைக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் கிடையாது. ஒன்றிய அரசும் 2025 மே மாதம் முதல் ஏழு நாள்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாச் சிகிச்சையை அறிவித்திருக்கிறது. கார்க்காரர் நீட்டும் நோட்டுக்காகக் கை ஏந்த வேண்டிய நிலையில் யாரும் இல்லை.

மருத்துவமனையில் ஒரு காரியத்தில் மட்டும் கவனம் தவறக் கூடாது. விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்பது முக்கியம். 'ஏ.ஆர். காப்பி' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். வலியில் இருப்பவர், அல்லது கூட வந்த கார் ஓட்டுநரே, "தடுக்கி விழுந்துட்டாரு" என்று சொல்லிவிட்டால் அப்படியே பதிவாகிவிடும். பிற்பாடு இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்த எண்ணுள்ள கார் மோதியது என்று சொல்லி எழுத வையுங்கள். அடிபட்டவரின் நிலையைப் பொறுத்து உறவினர் சொல்லலாம். பிறகு காவல் நிலையத்தில் புகார், முதல் தகவல் அறிக்கையின் இலவச நகல். ஊருக்குப் போய்விட்டால் அங்குள்ள நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்ய புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழி செய்திருக்கிறது. புகார் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"ஆட்டோக்காரர் பாவம், ஏழை" என்ற குரல் எழும். நியாயமான இரக்கம். ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு எல்லா வண்டிக்கும் கட்டாயம் என்று சட்டம் வைத்ததே இதற்காகத்தான். அந்த மூன்றாம் நபர் தெருவில் நடந்து போகிறவர். காப்பீடு இருந்தால் பணம் தருவது நிறுவனம், ஓட்டுநரின் பை அல்ல. சமாதானம் பேசி முடிக்கும்போது நாம் ஏழையைக் காப்பாற்றவில்லை. பிரீமியம் வாங்கிய நிறுவனத்தைத்தான் காப்பாற்றுகிறோம். அலைய வேண்டும் என்பதும் பாதி உண்மைதான். விபத்து நடந்த ஊரில்தான் என்றில்லை, அடிபட்டவர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்கிறது 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம். அந்தக் கெடு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

ஊர் மக்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டுநரை அடிக்காதீர்கள். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பதும் காவல் துறைக்குத் தெரிவிப்பதும் 134-வது பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. கூட்டத்தின் ஆத்திரத்தால் மருத்துவமனையில் சேர்க்க முடியாமல் போனால் அந்தக் கடமையிலிருந்து சட்டமே அவருக்கு விலக்கு தருகிறது. கை ஓங்கிய கூட்டத்தைக் கண்டு ஓட்டுநர் தப்பி ஓடி, வண்டி எண்ணும் தெரியாமல் போய்விட்டால் நஷ்டம் யாருக்கு? அடையாளம் தெரிந்த வண்டி என்றால் தீர்ப்பாயம் வருமானம், வயது, ஊனம் எல்லாம் பார்த்து இழப்பீடு தரும். அடையாளம் தெரியாத வண்டி என்றால் 161-வது பிரிவின்படி கிடைப்பது படுகாயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். அவ்வளவே. எனவே கையில் இருக்கும் போனால் வண்டியின் எண்ணைப் படம் எடுங்கள். அதுதான் அடிபட்டவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி.

அந்த 50,000 ரூபாயும் போய்ச் சேருவதில்லை என்பதுதான் வெட்கக்கேடு. மோதிவிட்டு ஓடிய வழக்குகள் 2022-இல் நாடு முழுவதும் 67,387. 2022–23 நிதியாண்டில் இழப்பீடு கேட்டு வந்த மனுக்களோ வெறும் 205. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கைப் பார்த்து அதிர்ந்தது. வண்டி எதுவென்று தெரியாத வழக்குகளில் இப்படி ஓர் இழப்பீடு உண்டு என்று பாதிக்கப்பட்டவருக்குக் காவல் நிலையமே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் மனு வராவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு அவரைத் தேடிப் போக வேண்டும் என்று உத்தரவிட்டது. இது போதாதென்று, எந்தச் சாலை விபத்திலும் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் 'படிவம் 2' என்ற தாளை 10 நாளுக்குள் அவரிடம் கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளும் 2022 முதல் சொல்கின்றன. அப்படி ஒரு தாள் இருக்கிறது என்பது இதைப் படிக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிரிவலப் பாதையில் குடும்பமோ முகவரியோ இல்லாத சாதுக்கள் நூற்றுக்கணக்கில் வாழ்கிறார்கள். சாலையோரமே அவர்களுக்குப் படுக்கை. சாமியாருக்கு ஏது வாரிசு, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று அவர்களுடைய வழக்கை முடித்துவிடக் கூடாது. விபத்தில் இறந்த ஒரு கிறிஸ்தவத் துறவிக்காக அவருடைய துறவு சபையே இழப்பீடு கேட்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மடமும் ஆசிரமமும் தம்மோடு வாழ்ந்தவருக்காக முன்வர வேண்டும். உயிரோடு இருக்கும் சாதுவுக்குச் சிகிச்சை வாங்கித் தர யாருடைய அனுமதியும் தேவையில்லை; அவர் ஒப்புதல் தந்தால் அவருக்காக இழப்பீடும் கேட்கலாம்.

அடையாளம் தெரியாத வண்டி மோதிய வழக்கில் இழப்பீட்டை அனுமதிக்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியரே. ஆகவே நம் கோரிக்கை நேரே அவரிடம். மாவட்டத்தில் ஆண்டுதோறும் அப்படி எத்தனை வழக்கு, எத்தனை பேருக்குப் பணம் போனது என்று வெளியிடுங்கள். அடி அண்ணாமலையிலும் அட்டலிங்கங்களின் வாசலிலும் தமிழ், தெலுங்கு, கன்னடத்தில் பலகை வையுங்கள்: முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், ஏ.ஆர். காப்பியில் வண்டியைச் சொல்லுங்கள், பணம் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். வாகனங்களுக்குக் கட்டுப்பாடும் வேக வரம்பும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. இரவிலும் விடியற்காலையிலும் உள்ளூர் வண்டிகளையும் ஆம்புலன்சையும் தவிர மற்றவற்றைக் கிரிவலப் பாதையில் விடாதீர்கள். பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டப்போய் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதை ஊர் மறக்கவில்லை. அகலமான சாலை காருக்கு வேகம் கொடுக்கும். நடப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

காவல் துறைக்கு ஒரே வேண்டுகோள். கிரிவலப் பாதையில் அடிபட்டவரிடம் வாக்குமூலம் வாங்கப் போகும் காவலர், 10 நாள் கெடு வரை காத்திராமல், அன்றே அவருக்குப் புரியும் மொழியில் படிவம் 2-ஐக் கையில் கொடுத்துவிட்டு வரட்டும். இதற்குப் புதிய சட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை. அடுத்த பௌர்ணமிக்கு முன்பே தொடங்கலாம்.