அம்மாவிடம் கேட்டீர்களா?



தன்வரலாறு எழுத ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது, "எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்றுதான். அவர்களுக்கெல்லாம் இந்த மாதம் நான் கையில் கொடுக்க விரும்புவது ஜேம்ஸ் மெக்பிரைட் எழுதிய 'தி கலர் ஆஃப் வாட்டர்'.

நியூயார்க்கில் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் வளர்ந்தவர் அவர். பிள்ளைகள் கறுப்பினத்தவர்; அம்மா மட்டும் வெள்ளை. ஏனம்மா என்று கேட்டால், "நான் கொஞ்சம் வெளுப்பு" என்கிற மாதிரி மழுப்பிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். கடவுள் என்ன நிறம் என்றதற்கு மட்டும், தண்ணீரின் நிறம் என்று பதில் வந்தது. புத்தகத்தின் பெயர் அதுதான்.

இரண்டாவது கணவரும் இறந்த பிறகு, அந்த அம்மா ஒரு பழைய நீலநிறச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக மெல்ல மிதிப்பார். கறுப்பின மக்களின் குடியிருப்பில் தனியாக ஒரு வெள்ளைக்காரப் பெண். பதினான்கு வயது மகனுக்கு மானம் போகிறது. அம்மாவுக்கு யாரும் ஏதும் செய்துவிடுவார்களோ என்று அடிவயிறும் கலங்குகிறது. வெட்கத்தையும் பயத்தையும் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார்.

அம்மா மறைத்தது சின்னக் கதையல்ல. போலந்தில் 1921இல் பிறந்த யூதப் பெண். வர்ஜீனியா மாநிலம் சஃபோக்கில் மளிகைக்கடை வைத்திருந்த மதகுருவின் மகள். கறுப்பினத்தவர் ஒருவரை 1942இல் மணந்தார். குடும்பம் அவரை இறந்தவராகவே எண்ணித் துக்கம் காத்தது. நம் வழக்கில் சொன்னால், தலைமுழுகிவிட்டது. அப்படிப்பட்ட கல்யாணத்தைக் குற்றமாக்கிய வர்ஜீனியாவின் சட்டம் 1967இல்தான் ஒழிந்தது. பிறந்த வீட்டில் அழைத்த ரேச்சல் என்ற பெயரையும் விட்டுவிட்டு ரூத் ஆனார். பிள்ளைகள் அத்தனை பேரையும் கல்லூரிவரை படிக்கவைத்துவிட்டு, தானும் 65 வயதில் பட்டம் வாங்கினார்.

இதையெல்லாம் அவர் வாயிலிருந்து வரவழைக்க மகனுக்கு வருடங்கள் பிடித்தன. ஓர் அத்தியாயம் அம்மாவின் குரல், அடுத்தது மகனுடையது என்று புத்தகம் மாறி மாறிப் போகிறது. நான் யார் என்று தன்னையே குடைந்துகொண்டிருக்காமல் அம்மாவைப் பேசவிட்டாரே, அங்கேதான் என் மனம் நின்றுவிட்டது. உங்கள் கதையை அனுப்புவதற்கு முன்னால், வீட்டில் இருக்கும் அம்மா, ஆச்சி, பெரியப்பா என யாரிடமாவது கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள். உடனே சொல்லிவிட மாட்டார்கள். மறுபடியும் கேளுங்கள்.

புத்தகத்தில் ஓரிடத்தில், அம்மா போட்டுக்கொடுத்த வரைபடத்தோடு மெக்பிரைட் சஃபோக்குக்குப் போகிறார். தாத்தாவின் கடை இருந்த இடத்தில் மெக்டொனால்ட்ஸ் நிற்கிறது. பக்கத்தில் வாழ்ந்த கறுப்பின முதியவர் ஒருவருக்கு அந்தக் குடும்பம் நினைவிருக்கிறது. உங்கள் அம்மா இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு, தொலைபேசியில் அவரோடு பேசுகிறார். எடுத்த எடுப்பில் "ரேச்சல்" என்று கூப்பிடுகிறார்.

அன்புடன்,
ஆசிரியர்