ஆணியும் ஐந்தாம் கட்டளையும்



அறுவடை நாள்களில் டிராக்டரும் டிரெய்லரும் நம் சாலைகளை நிறைக்கின்றன. ஓட்டுவோர்க்கு ஒரு சொல். டிரெய்லரை இணைக்கும் ஆணியைச் செருகியதும், அது துள்ளி மேலெழாதவாறு அடித்துளையில் சிறு பூட்டுக்கம்பியை மாட்டுங்கள். ஆணி முறிந்தாலும் வண்டி பிரிந்தோடாதிருக்கக் காப்புச் சங்கிலியும் வேண்டும். இருசக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னே மிகுந்திருக்கட்டும்; பின்னே மிகுந்தால் டிராக்டரின் பின்சக்கரங்கள் தரைப்பிடிப்பை இழக்கும். இரு பிரேக் மிதிகளையும் ஒன்றாகப் பூட்டிய பின்னரே சாலையேறுங்கள். பின்புறம் சிவப்பு ஒளிர்தகடு இன்றி இரவில் செல்லாதீர்கள். திருவிழாவுக்கே ஆயினும், மூட்டைக்குரிய இடத்தில் மனிதரை ஏற்றாதீர்கள்.

தக்க காரணமின்றிப் பிறரை உயிராபத்துக்கு உள்ளாக்குவதை ஐந்தாம் கட்டளை விலக்குகிறது எனத் திருச்சபை போதிக்கிறது. புறப்படுமுன் சிலுவை அடையாளம் வரையும் கை, அந்த ஆணியையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும்.