மூன்று இலக்கங்களின் காவல்

பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் தமக்கென இணையத்தளம் அமைத்துக்கொள்ளும் காலம் இது. அப்பணியை விரும்பி ஏற்கும் மாணவர் பலர். அவர்தம் ஊக்கம் மெச்சத்தக்கதே. ஆயினும், செயலியை வழங்கியில் நிறுவும் வேளையில் அவர்கள் அறியவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கோப்புறையில் எழுத அனுமதி இல்லை என்று திரையில் ஓர் அறிவித்தல் தோன்றும். உடனே, யாரோ சொன்ன யோசனைப்படி, எல்லாவற்றிற்கும் 777 என்னும் அனுமதியை இட்டுவிடுவோர் உளர். அறிவித்தல் மறைகிறது, தளமும் இயங்குகிறது. காவல் நீங்கியதை மட்டும் எவரும் கவனிப்பதில்லை.

இவ்விலக்கங்களின் பொருள் யாது? 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். ஒரே கணினியைப் பலர் பங்கிட்டு உபயோகித்த காலம் அது. ஒருவருடைய கோப்பை மற்றொருவர் அழித்துவிடாதிருக்க ஓர் ஏற்பாடு அவசியமாயிற்று. அனுமதியை மாற்றும் 'சிஎச்மொட்' என்னும் கட்டளை 1971 ஆம் ஆண்டில் வெளியான யூனிக்ஸின் முதற் கைநூலிலேயே இடம்பெற்றுள்ளது. இன்று வழங்கிகளிற் பெருவழக்காயுள்ள லினக்ஸும் அம்முறையையே தழுவி நிற்கிறது.

வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றைக் கூட்டி வருவதே ஒவ்வோர் இலக்கமும். முதலிலக்கம் கோப்பின் உரிமையாளருக்கும், இரண்டாவது அக்கோப்புக்குரிய குழுவுக்கும், மூன்றாவது ஏனையோருக்கும் உரியன. ஆகவே 644 எனில், உரிமையாளர் வாசிக்கலாம், எழுதலாம். மற்றையோர் வாசிக்க மட்டுமே இயலும். கோப்புறையைப் பொறுத்தவரை 1 என்பது உள்ளே நுழையும் உரிமையைக் குறிக்கும். ஆதலின் கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 என்பது பொதுவிதி. 777 என்பதோ, அவ்வழங்கியிலுள்ள எக்கணக்கும் எழுதவும் அழிக்கவும் இடங்கொடுப்பதாகும்.

செலவு குறைந்த சேவைகளில் ஒரே வழங்கியிற் பலருடைய தளங்கள் குடியிருப்பதுண்டு. அயல் தளமொன்றிற் புகுந்த தீய நிரலுக்கு, நமது கோப்புறை திறந்துகிடந்தால் வழி எளிதாகிறது. பாடசாலைத் தளத்தில் மாணவர் பெயரும், பெற்றோரின் தொலைபேசி இலக்கமும் பதியப்பட்டிருக்குமாயின், அவை அந்நியர் கைக்குச் செல்லக்கூடும். இழப்பு தளத்தை அமைத்தவருக்கு மட்டும் உரியதன்று.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? வேர்ட்பிரஸ் என்னும் செயலியை எடுத்துக்கொள்வோம். முதலில் இணைய வழங்கி எந்தக் கணக்கின் பெயரால் இயங்குகிறது என அறிதல் வேண்டும். உபுண்டுவில் அது வழக்கமாக 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ-டேட்டா' என்னும் கணக்காகும். படங்களைப் பதிவேற்றும் கோப்புறையில் அக்கணக்கு எழுதவேண்டியிருத்தலின், அக்கோப்புறையின் உரிமையை மாத்திரம் அதற்கு மாற்றி, அனுமதியை 755 ஆகவே விட்டுவிடலாம். அங்கே நிரல்கள் இயங்காதவாறு தடுத்தலும் நன்று. இல்லையேல் படமென்ற போர்வையில் வருவது நிரலாய் இயங்கிவிடும். தரவுத்தளத்தின் கடவுச்சொல் அடங்கிய அமைப்புக் கோப்புக்கு 644 கூட மிகையே. அதன் குழுவை இணைய வழங்கியின் குழுவாக்கி 640 என இட்டால், ஏனையோர்க்கு அதனைப் பார்க்கவும் இயலாது.

இவ்வளவுக்கும் ஆகும் நேரம் சொற்பமே. மாணவர்களே, தடை கூறும் அறிவித்தலைப் பகையென எண்ணாதீர்கள். யார், எதை, எதன்பொருட்டு எழுதவேண்டும் என்று அது உங்களை வினவுகிறது. அவ்வினாவுக்கு விடை கண்டபின் வேண்டிய அளவே அனுமதி கொடுங்கள். பிறருடைய விபரங்களைப் பொறுப்பேற்பவர்க்கு அதுவே முதற் கடமை என்பது நமது துணிபு.